கல்லில்லா நிலத்தின் பெருங்கற்காலம்: செம்பியன்கண்டியூர் ஈமச்சான்றுகள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

காவிரிச் சமவெளியின் தொல்பழங்காலம் பற்றிய ஆய்வுகளில் செம்பியன்கண்டியூர் என்னும் ஊர்ப்பெயர் 2006-இல் கிடைத்த ஒரு கற்கோடரியோடு பிணைந்து நிற்கிறது. அவ்வூரில் 2008-இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை நடத்திய சோதனை அகழாய்வில் வெளிப்பட்ட முதுமக்கள் தாழிகள் அக்கோடரியின் நிழலில் மறைந்துள்ளன. மண்ணடுக்குச் சூழல் இன்றிக் கிடைத்த பொருளின்மீது பெருமுடிவுகள் எழுப்பப்பட்டதையும், சூழலோடு கிடைத்த ஈமச்சான்றுகள் தமக்குரிய வினாக்களைப் பெறாமல் போனதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. கல்லை அளவுகோலாகக் கொண்ட வகைப்பாடு, குறியீட்டை மட்டும் பிரித்தெடுத்து நோக்கும் முறை, இலக்கிய வரிகளைத் தொல்பொருளுக்கு விளக்கக் குறிப்பாக்கும் வழக்கம் ஆகிய மூன்றும் இந்நிலைக்குக் காரணங்கள் என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: செம்பியன்கண்டியூர், காவிரிச் சமவெளி, முதுமக்கள் தாழி, ஈமப்பொருட்கள், கற்கோடரி, கீறல் குறியீடுகள், மண்ணடுக்குச் சூழல்.

முன்னுரை

தமிழகத் தொல்லியலில் ஈமக்காடுகள் பற்றிய பேச்சு எழும்போது ஆதிச்சநல்லூர், கொடுமணல், பொருந்தல், சிவகளை, கொந்தகை ஆகிய பெயர்கள் முன்வருகின்றன. இவற்றுள் எதுவும் காவிரியின் கழிமுகச் சமவெளியில் இல்லை. சோழர் வரலாற்றுக்கும் நெல் வேளாண்மை வரலாற்றுக்கும் நடுக்களமாகிய தஞ்சை, நாகை, திருவாரூர், மயிலாடுதுறைப் பகுதிகள் வரலாற்றுக்கு முந்தைய காலத்தைப் பொறுத்தவரை ஏறத்தாழ வெற்றிடமாகவே வரைபடங்களில் காட்டப்படுகின்றன. அகழாய்வுகள் நடைபெறாமலும் இல்லை. காவிரிப்பூம்பட்டினத்தில் இந்தியத் தொல்லியல் துறை 1960-களில் தொடங்கிய அகழாய்வுகள் கீழையூர்ப் படகுத்துறை, வானகிரி நீர்த்தேக்கம், பல்லவனேச்சுரம் பௌத்த விகாரை ஆகியவற்றை வெளிக்கொணர்ந்தன. சமவெளியின் தென்மேற்கு விளிம்பிலுள்ள வல்லத்தில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1984-இல் அகழாய்வு செய்தது. எனினும் இப்பணிகளால் துறைமுகமும் நகரமும் வணிகமும் துலங்கிய அளவுக்கு, அவற்றுக்கு முன் இந்நிலத்தில் வாழ்ந்து மடிந்தோரின் வாழ்வு துலங்கவில்லை.

குத்தாலத்தை அடுத்த செம்பியன்கண்டியூர் இவ்வெற்றிடத்தை நிரப்பும் வாய்ப்பைப் பெற்ற ஊர். அக்காலத்தில் நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டமானபின் அதன் எல்லைக்குள் அமைகிறது. 1991-க்கு முன் இப்பகுதி முழுவதும் தஞ்சாவூர் மாவட்டம். எனவே ஒரே வட்டாரத்தின் தொல்பொருட்கள் வெவ்வேறு கால அறிக்கைகளில் மூன்று மாவட்டப் பெயர்களின்கீழ்ப் பதிவாக இடமுண்டு. தரவுகளைத் தொகுப்போர் இதனைக் கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.

1. கல்லை அளவாகக் கொண்ட வகைப்பாடு

தென்னிந்திய ஈமச்சின்னங்களுக்கான ஆய்வுச் சட்டகம் 1940-களின் பிற்பகுதியில் உருப்பெற்றது. மார்டிமர் வீலர் 1947-இல் பிரம்மகிரியில் நடத்திய அகழாய்வு மண்ணடுக்கு அடிப்படையிலான கால வரிசையை வகுத்துத் தந்தது. அடுத்து வி. டி. கிருஷ்ணசாமி 1949-இல் தென்னிந்தியப் பெருங்கற்சின்னங்களை வகைப்படுத்தினார். கல்திட்டை, கல்பதுக்கை, கல்வட்டம், குடைக்கல், நெடுநிலைக்கல் எனத் தொடரும் இவ்வகைப்பாட்டில் முதன்மை பெறுவது நிலத்தின்மேல் கண்ணுக்குத் தெரியும் கல்லமைப்பு. செங்கற்பட்டு, புதுக்கோட்டை, கொங்குப் பகுதிகளுக்கு இது பெரிதும் பொருந்தியது. அங்கே கள ஆய்வாளர் நடந்து சென்றே ஈமக்காட்டைக் கண்டறிய இயலும்.

காவிரிச் சமவெளியின் நிலை வேறு. ஆறு கொணர்ந்து பரப்பிய வண்டலே இந்நிலத்தின் மேல்மண். கல்வட்டம் அமைக்கவோ பலகைக்கல் கொண்டு பதுக்கை எழுப்பவோ இங்குக் கல் இல்லை. கிடைப்பது களிமண் மட்டுமே. களிமண்ணால் ஆகும் தாழி புதைக்கப்பட்டபின் மேற்பரப்பில் எந்த அடையாளத்தையும் விட்டுவைப்பதில்லை. அடையாளமாக ஒரு மண்மேடு எழுப்பப்பட்டிருந்தாலும், வெள்ளப் படிவும் இடையறா உழவும் அதனைச் சமன்படுத்தியிருக்கும். மேலும், நீர் தேங்கும் சமவெளியில் உயர்ந்த நிலம் அரிது. ஒரே திடல் முதலில் இடுகாடாகவும் பின்னர்க் குடியிருப்பாகவும் கோயில் மனையாகவும் தென்னந்தோப்பாகவும் பயன்பட்டிருக்க வாய்ப்பு மிகுதி. ஆதிச்சநல்லூரின் 114 ஏக்கர் ஈமக்காடு உழவுக்கு ஒவ்வாத பறம்பாக இருந்ததனாலேயே பெருமளவு காப்பாற்றப்பட்டது. உழவுக்கு ஒவ்வாத நிலமே அரிதாகிய காவிரிச் சமவெளிக்கு அத்தகைய காப்பு இல்லை.

இதன் விளைவை ஆய்வாளர்கள் போதிய அளவு எடைபோடவில்லை. கல்லைத் தேடும் கள ஆய்வு கல்லில்லா நிலத்தில் எதனையும் காணாது. காணாமையை இல்லாமையாகப் பதிவு செய்யும். பின்னர் அப்பதிவு, சங்க காலத்திற்கு முன் சமவெளியில் மக்கள் செறிவு குறைவு என்னும் முடிவுக்குச் சான்றாகிவிடும். ‘பெருங்கற்காலம்’ என்னும் சொல்லே இங்கு இடர்ப்பாடு உடையது. கொந்தகையிலும் ஆதிச்சநல்லூரிலும் பெருங்கல் இன்றித் தாழிகள் மட்டுமே உள்ள நிலையில், ‘இரும்புக்காலம்’ என்னும் வழக்கு அண்மைய ஆய்வுகளில் மிகுந்து வருவது பொருத்தமானதே. ஆனால் சொல் மாறிய அளவுக்குத் தேடும் முறை மாறவில்லை. கிணறு, வீட்டுக் கடைக்கால், செங்கற்சூளைக்கான மண்ணெடுப்பு, கன்று நடும் குழி ஆகியவை தற்செயலாகத் தொட்ட இடங்களே இன்றளவும் சமவெளியின் தொல்பழங்கால வரைபடமாக உள்ளன.

2. கோடரியும் மூன்று காலங்களும்

செம்பியன்கண்டியூர்க் கண்டுபிடிப்பும் அவ்வாறு நிகழ்ந்ததே. 2006 பிப்ரவரியில் அவ்வூரைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் வீட்டுக் கொல்லையில் வாழை, தென்னங்கன்றுகள் நடக் குழி தோண்டியபோது மெருகேற்றப்பட்ட இரண்டு கற்கோடரிகள் கிடைத்தன. அவற்றைத் தொல்லியல் துறையின் பார்வைக்கு அவர் கொண்டுசென்றமை பாராட்டுக்குரியது. ஒரு கோடரியில் நான்கு குறிகள் காணப்பட்டன. அவற்றைச் சிந்துவெளிக் குறிகள் என இனங்கண்ட ஐராவதம் மகாதேவன், முதலிரு குறிகளை ‘முருகன்’ எனப் படித்தார். கோடரியின் கல் தீபகற்பத்தைச் சேர்ந்தது. ஆகவே அது வடக்கிலிருந்து கொண்டுவரப்பட்டதன்று. சிந்துவெளி மக்களும் தமிழகப் புதிய கற்கால மக்களும் ஒரே மொழிக் குடும்பத்தினர் என்பதற்கு இது சான்று என்பன அவர் வாதத்தின் கூறுகள். கோடரியின் காலம் கி.மு. 2-ஆம் ஆயிரமாண்டு எனக் கருதப்பட்டது.

இவ்வாதத்தை மதிப்பிடுமுன் ஓர் அடிப்படை வேறுபாட்டைத் தெளிவாக்குதல் வேண்டும். குறி பொறித்த ஒரு கற்கோடரிக்குக் காலங்கள் மூன்று: கோடரி செய்யப்பட்ட காலம், அதன்மீது குறி கீறப்பட்ட காலம், அது மண்ணுள் சென்ற காலம். இம்மூன்றும் ஒன்றாக இருக்கலாம். நூற்றாண்டுக் கணக்கில் விலகியும் இருக்கலாம். மெருகேற்றிய கோடரி என்னும் வடிவம் முதற்காலத்தை மட்டுமே, அதுவும் தோராயமாகவே, சுட்டும். பிரம்மகிரியிலேயே கற்கோடரிப் பண்பாட்டின் இறுதிக்கட்டமும் பெருங்கற்பண்பாட்டின் தொடக்கமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்ததை வீலர் காட்டினார். சேர்வராயன் மலையிலும் தருமபுரிப் பகுதியிலும் பழங்கற்கோடரிகள் கோயில்களிலும் மரத்தடிகளிலும் வைத்து வழிபடப்பட்டு வந்துள்ளன. கற்கோடரி தன் பயன்பாட்டுக் காலம் முடிந்தபின்னும் போற்றிக் காக்கப்படும் பொருள் என்பதற்கு இவ்வழக்கமே சான்று. அத்தகைய ஒரு பொருளின்மீது பிற்காலத்தார் குறியிட்டிருக்க இயலாது எனக் கொள்ள முன்கூட்டிய காரணம் எதுவும் இல்லை.

கல்லின் பிறப்பிடம் பற்றிய வாதமும் இவ்வேறுபாட்டின் முன் வலுக்குறைகிறது. கல் தீபகற்பத்தது என்பது கோடரி எங்கே உருவாயிற்று என்பதற்குத் துணைசெய்யும். குறி எப்போது, யாரால் இடப்பட்டது என்பதற்கு அது விடையாகாது. கீறலின் உட்புறத்தில் படிந்த மேற்படலமும் கோடரியின் மெருகுப் பரப்பில் படிந்த மேற்படலமும் ஒரே தன்மையனவா என்னும் நுண்ணோக்கி ஆய்வே அதற்கு உரிய வழி.

பறிகொடுத்த வாய்ப்பு ஒன்றையும் இங்குக் குறிப்பிட வேண்டும். உடன் கிடைத்த இரண்டாம் கோடரி குறியற்றது என்பதனால் விவாதத்திலிருந்து விலகிவிட்டது. தமிழகத்தின் புதிய கற்கால வாழிடங்கள் பையம்பள்ளி, மயிலாடும்பாறை போன்ற வடமேற்கு மேட்டு நிலங்களிலேயே செறிந்துள்ளன. கல்லே இல்லாத கடலோரச் சமவெளியில் ஒன்றுக்கு இரண்டாகக் கோடரிகள் கிடைப்பது தனித்து ஆராயத்தக்க நிகழ்வு. அவை பண்டமாற்றுப் பொருளாக வந்தனவா, ஈமப்பொருளாக இடப்பட்டனவா, நேர்த்திப் பொருளாகப் புதைக்கப்பட்டனவா? எழுத்தைப் பற்றிய வினா இவ்வினாக்களுக்கு இடம் தரவில்லை.

3. வாசிப்பின் வலிமையும் எல்லையும்

மகாதேவனின் வாசிப்பைத் தற்செயலான ஊகம் எனத் தள்ளுவது நேர்மையாகாது. 1977-இல் வெளியான அவருடைய சிந்துவெளிக் குறித்தொகுதி இன்றும் ஆய்வாளரின் அடிப்படைக் கருவி. குத்துக்காலிட்டு அமர்ந்த மெலிந்த உருவக் குறியை ‘முருகு’ என அவர் கொண்டது கோடரி கிடைப்பதற்குப் பல்லாண்டுகள் முன்னரே. பி. பி. லால் 1960-இல் பெருங்கற்கால மட்கலக் கீறல்களையும் ஹரப்பாக் குறிகளையும் ஒப்பிட்டு எழுதிய கட்டுரையில் சாணூர் ஈமச்சின்னங்களின் மட்கலக் குறிகளும் இடம்பெற்றிருந்ததை அவர் தம் வாதத்திற்குத் துணையாகக் கொண்டார். ஆக, கோடரி புதிய கருத்து ஒன்றைப் பிறப்பிக்கவில்லை. முன்னரே நிறுவ முயன்ற கருத்துக்கு உறுதி தருவதாக அது கொள்ளப்பட்டது.

வாசிப்பின் எல்லையும் இங்கேதான் உள்ளது. சிந்துவெளி மொழி திராவிடமே என மகாதேவனோடு உடன்படும் அஸ்கோ பர்ப்போலா, முருகனின் பெயரை வேறொரு குறியில், அதாவது ஒன்றையொன்று வெட்டும் இரு வட்டங்களின் வடிவில் காண்கிறார். ஒரே கருதுகோளை ஏற்ற இருபெரும் அறிஞர் ஒரே சொல்லை இருவேறு குறிகளில் காண்பது, அச்சொல்லின் இடம் இன்னும் உறுதிப்படவில்லை என்பதையே உணர்த்தும். சிந்துவெளிக் குறிகள் மொழியை எழுதும் எழுத்தே அல்ல என்னும் மறுப்பும் 2004-இல் ஃபார்மர், ஸ்ப்ரோட், விட்சல் ஆகியோரால் முன்வைக்கப்பட்டது. இவற்றுள் எது சரி என்பதைச் செம்பியன்கண்டியூர்க் கோடரி தீர்க்க இயலாது. தீர்வு காணப்படாத ஒரு வாசிப்பைக் கொண்டு சூழலற்ற ஒரு பொருளைக் காலவரையறை செய்வதும், அப்பொருளைக் கொண்டு அதே வாசிப்பை உறுதிசெய்வதும் வட்டத்தருக்கமாகும்.

2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை வெளியிட்ட சிந்துவெளிக் குறிகளும் தமிழகக் கீறல்களும் பற்றிய வடிவ ஒப்பாய்வு 140 இடங்களிலிருந்து 15,000-க்கு மேற்பட்ட கீறல் பொறித்த பானை ஓடுகளைக் கணக்கில் கொண்டது. தனிப்பொருளிலிருந்து பெருந்தொகுதிக்கு நகர்ந்தமை ஆய்வு முறையில் தெளிவான முன்னேற்றம். எனினும் வடிவ ஒற்றுமை வேறு, பொருள் ஒற்றுமை வேறு. மீன், ஏணி, அம்பு போன்ற எளிய வடிவங்கள் எங்கும் தோன்றத்தக்கவை. ஒரு குறி எவ்வகைக் கலத்தில், எந்தச் சூழலில், எக்குறியோடு சேர்ந்து வருகிறது என்பதே ஒப்பீட்டுக்கு உயிர் தரும். அச்சூழலை வழங்கவல்லது ஈமக்குழி.

4. தாழிகள் எழுப்பும் வினாக்கள்

2008-ஆம் ஆண்டின் சோதனை அகழாய்வு அத்தகைய சூழலையே வழங்கியது. மனித எலும்புகள் அடங்கிய தாழிகள் வெளிப்பட்டன. அவற்றுள் மூன்று ஒரே வரிசையில் அமைந்திருந்தன. கருப்பு-சிவப்பு மட்கலங்களும் கீறல் குறியீடுகள் கொண்ட கலங்களும் கிடைத்தன. ஆனால் அகழாய்வுச் செய்திகள் பரவியபோது முன்னிலை பெற்றவை மீண்டும் குறியீடுகளே. அம்பு போன்ற வடிவம் சிந்துவெளியை ஒத்திருப்பது தலைப்பாயிற்று. வரிசையாகப் புதைக்கப்பட்ட மூவர் அடிக்குறிப்பாயினர்.

வரிசை என்பதே ஒரு தரவு. தற்செயலாகப் புதைத்தால் தாழிகள் வரிசையில் அமையா. முதல் தாழியின் இடம் மறவாதிருந்தால்தான் இரண்டாம் தாழியை அதன் அருகே, அதனை உடைக்காமல், புதைக்க முடியும். ஆகவே மேற்பரப்பில் அழியும் தன்மையுள்ள ஓர் அடையாளம், மரக்கம்போ மண்மேடோ, இருந்திருத்தல் வேண்டும். அல்லது மூன்றும் ஒரே காலத்தில் இடப்பட்டிருத்தல் வேண்டும். முதலாவது உண்மையெனில் தலைமுறை கடந்த இடநினைவு கொண்ட நிலையான குடியிருப்பு அருகில் இருந்ததாகும். இரண்டாவது உண்மையெனில் கொள்ளைநோய், வெள்ளம், போர் போன்ற ஒரு நிகழ்வைத் தேட வேண்டியதாகும். எலும்புகளின் பால், வயது, நோய்த்தடம் பற்றிய உடற்கூற்று ஆய்வும், உடல் முழுமையாக இடப்பட்டதா எலும்புகள் பின்னர்ப் பொறுக்கி இடப்பட்டனவா என்னும் கணிப்பும் இவ்விரு வழிகளுள் ஒன்றைத் தெளிவாக்கும். சமவெளியில் நிலையான குடிவாழ்வு எப்போது தொடங்கிற்று என்னும் பெருவினாவுக்கு இம்மூன்று தாழிகள் தரக்கூடிய விடை, கோடரியின் நான்கு குறிகள் தரக்கூடியதைவிட உறுதியானது.

5. ஈமப்பொருட்கள்: தொகுதியும் பட்டியலும்

ஈமக்குழியின் தனிச்சிறப்பு அதன் மூடிய தன்மை. வாழிட மண்ணடுக்கில் பொருட்கள் பல்லாண்டுகளாகச் சிந்திச் சேர்கின்றன. ஈமக்குழியில் அவை ஒரு சடங்கின்போது, தெரிந்தெடுத்து, ஒருங்கே வைக்கப்படுகின்றன. இத்தொகுதியைக் கலைத்துப் பொருள்வாரியாகப் பட்டியலிட்டால் அச்சடங்கு அழிந்துவிடும். அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை ஆதிச்சநல்லூரில் திரட்டிய பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கல, இரும்புப் பொருட்களும் 1915-இல் வெளியான அட்டவணையால் உலகறிந்தன. ஆயினும் எந்தத் தாழியில் எது எதனோடு இருந்தது என்னும் உறவு பெரும்பகுதி இழக்கப்பட்டமையால், ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் அச்செல்வம் யாருடையது என்னும் வினா எஞ்சியுள்ளது.

தொகுதியாகப் பதிவு செய்தால் கிட்டும் பயனுக்கு நெல்லே எடுத்துக்காட்டு. பழனியை அடுத்த பொருந்தலில் கா. ராஜன் அகழ்ந்த ஈமச்சின்னம் ஒன்றில் நாற்கால் சாடியில் ஏறத்தாழ 2 கிலோ நெல் கிடைத்தது. அதன் கரிமக் காலக்கணிப்பு கி.மு. 490 என அமைந்தது. நெல், சாடி, குறி பொறித்த கலங்கள் அனைத்தும் ஒரே மூடிய சூழலைச் சேர்ந்தவையாதலால், ஒன்றன் காலம் மற்றவற்றுக்கும் காலமாயிற்று. சிவகளையில் தாழியிலிருந்து எடுக்கப்பட்ட நெல்லுக்குக் கி.மு. 1155 என்னும் காலம் 2021-இல் அறிவிக்கப்பட்டது. தமிழகத்தில் நெல்லின் தொன்மைக்குப் பரவலாக எடுத்தாளப்படும் இவ்விரு சான்றுகளும் மலையடிவாரத்தையும் பொருநைக் கரையையும் சேர்ந்தவை. நெல்லுக்கே பெயர்பெற்ற காவிரிச் சமவெளி இவ்விவாதத்தில் இடம்பெறாதிருப்பது முரண். தாழியின் அடிமண்ணை நீரில் மிதக்கவிட்டு விதைகளைப் பிரித்தெடுத்தலும், கலங்களின் உட்படிவை வேதியியல் முறையில் ஆராய்தலும் பெருஞ்செலவு பிடிக்கும் பணிகள் அல்ல. ஆனால் குறியீட்டைத் தேடிக் கழுவித் துடைக்கப்பட்ட கலத்தில் உட்படிவைப் பின்னர்த் தேட இயலாது. எந்த வினாவை முதலில் எழுப்புகிறோம் என்பது எந்தச் சான்று பிழைக்கிறது என்பதைத் தீர்மானிக்கிறது.

கீறல் குறியீடுகளுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். ஒரே தாழியைச் சூழ்ந்த கலங்கள் அனைத்திலும் ஒரே குறி வருமாயின் அது இறந்தவரையோ அவர் குடியையோ சுட்டுவதாகலாம். கலத்துக்குக் கலம் மாறுமாயின் படையல் தந்தோரைச் சுட்டுவதாகலாம். இவ்வேறுபாட்டைக் காட்டாத குறிப்பட்டியல் எத்துணை நீளமாயினும் பயன் குறைந்ததே.

6. இலக்கியச் சான்றின் பயன்பாடு

தாழி கிடைத்தவுடன் புறநானூற்றின் 228, 256-ஆம் பாடல்களையும் மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையையும் சுட்டுதல் ஆய்வுக்கட்டுரைகளில் மரபாகிவிட்டது. தாழி வழக்கம் தமிழ் நினைவில் நிலைத்திருந்ததை இவை ஐயமின்றிக் காட்டும். ஆயினும் சுட்டுதலோடு நின்றுவிடும்போது பாடலும் பயன்படுவதில்லை, தாழியும் விளங்குவதில்லை.

228-ஆம் பாடல் கிள்ளிவளவனின் இறப்பைப் பாடும் கையறுநிலை. குயவனை விளித்து, மன்னனின் புகழுக்கு ஏற்ற தாழியை வனைய இயலுமா என வினவும் அதன் உயர்வு நவிற்சி, தாழியின் அளவுக்குச் சான்றாகாது. ஆனால் ஈமக்கலம் செய்வோனும் அன்றாடக் கலம் செய்வோனும் ஒருவனே என்னும் கருத்துக்கு அது இடம் தருகிறது. தாழியின் களிமண்ணையும் வாழிடப் பானைகளின் களிமண்ணையும் ஒப்பிட்டு இதனைச் சோதிக்க முடியும்.

மணிமேகலை தரும் செய்தி இன்னும் முதன்மையானது. புகார் நகரத்தின் இடுகாட்டில் எரித்தல், வெறுநிலத்தில் விடுதல், குழியில் இடுதல், தாழ்ந்த இடத்தில் அடைத்தல், தாழியால் மூடுதல் என ஐவகை முறைகள் ஒருசேர நிலவியதாக அக்காப்பியம் கூறுகிறது. ஆய்வாளர்கள் இவற்றுள் தாழியை மட்டும் எடுத்துக்கொண்டு ஏனையவற்றைக் கைவிடுகின்றனர். காப்பியத்தின் கூற்று ஏற்கப்படுமானால், எரியூட்டியோரும் வெறுநிலத்தில் விட்டோரும் தொல்லியல் தடம் எதனையும் விட்டிருக்க மாட்டார். அப்பொழுது தாழிகளின் எண்ணிக்கை மக்கள்தொகையின் ஒரு பகுதியை மட்டுமே காட்டும். தாழிகள் அருகுதல் மக்கள் அருகுதல் ஆகாது. காப்பியத்தின் காலம் இத்தாழிகளின் காலத்திற்குப் பிற்பட்டது என்னும் தடை இருப்பினும், இவ்வெச்சரிக்கை சமவெளிக்குப் பெரிதும் பொருந்தும்.

முடிவுரை

செம்பியன்கண்டியூர் இருவகைச் சான்றுகளைத் தந்தது. கற்கோடரி அரிய பொருள். அதன் குறிகள் தொடர்ந்து ஆராயத்தக்கவை. ஆயினும் சூழல் இன்மையால் அது எழுப்பும் வினாக்களுக்கு அதுவே விடைதர இயலாது. தாழிகள் எளிய பொருட்கள். ஆனால் சூழலோடு கிடைத்தவை. சிந்துவெளித் தொடர்பு என்னும் பெருவினாவுக்குங்கூட மூடிய ஈமச்சூழலில் கிடைத்த, காலம் கணிக்கப்பட்ட, கலத்தோடு உறவு பதிவான குறிகளே நம்பத்தக்க அடிப்படை ஆகும்.

எனவே செய்யத்தக்கன மூன்று. முதலாவதாக, கோடரிகள் இரண்டையும் நுண்ணோக்கி ஆய்வுக்கும் கல்வகை ஆய்வுக்கும் உட்படுத்தி முடிவுகளை வெளியிடுதல். இரண்டாவதாக, அகழப்பட்ட தாழிகளின் தொகுதி விவரத்தைத் தாழிவாரியாக வெளியிட்டு, எலும்புகளையும் படிவுகளையும் ஆய்வகக் கணிப்புக்கு உட்படுத்துதல். மூன்றாவதாக, கல்லைத் தேடும் கள ஆய்வுக்கு மாற்றாக, திடல்களையும் பழைய ஆற்றுத் தடங்களையும் துளையிட்டு மண்மாதிரி எடுத்து நோக்கும் முறையைச் சமவெளி முழுவதும் கையாளுதல். மனைப் பிரிவுகளும் சாலைப் பணிகளும் திடல்களை விரைந்து கரைத்துவரும் இக்காலத்தில் மூன்றாம் பணியே காலத்தால் முந்த வேண்டியது. அப்பணி நடைபெறும்வரை காவிரிச் சமவெளியின் வெற்றிடத்தை வரலாற்றின் வெற்றிடமாகக் கொள்ளுதல் கூடாது. அது தேடும் முறையின் வெற்றிடமே.